கடல் கடந்த கால்களும் உலகவியல் கல்வியும்

நம் கல்விச் சங்கம் தோன்றி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவுறும் இந்நன்னாளில், வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று வேண்டுமென விழாக் குழுவினர் பணித்தனர். நம் சமுதாயத்தின் பழம்பெருமையை எழுதுவதா, நம் தலைவர்களின் தொண்டினை எழுதுவதா எனப் பலவாறு எண்ணினோம். முடிவில் ஒரு பட்டப்படிப்பின் வரலாற்றை எழுதத் துணிந்தோம். உலக நாடுகளையும், அவற்றிற்கிடையே மக்களும் பொருளும் பணமும் செல்லும் வழிகளையும் ஆராய்கின்ற படிப்பு அது. முன்னர்ப் பன்னாட்டியல் என்ற பெயரில் தோன்றி, இன்று உலகவியல் என்றும் வழங்குகிறது. செட்டிநாட்டின் ஒரு மூலையில் வாழும் நமக்கு இப்படிப்போடு என்ன தொடர்பு என்று இளைஞர்கள் வினவக்கூடும். அத்தொடர்பினை எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு மாணவனின் வினா

முதற்கண் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியவராய் உள்ளோம். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நம் குடியிருப்பைச் சேர்ந்த மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் வகுப்பு முடிந்ததும் உலகப் படத்தின் அருகே நின்றுகொண்டிருந்தான். "ஐயா, உலக நாடுகளைப் பற்றி மட்டுமே படிப்பதற்குப் பட்டப்படிப்பு ஏதும் உண்டா?" என்று கேட்டான். அவனுடைய பாட்டனார் பர்மாவில் கூலி வேலை செய்தவர். மோல்மேன், பெகு என்னும் ஊர்ப்பெயர்கள் அவன் வீட்டில் நாள்தோறும் வழங்கியவை.

நாம் என்ன விடை கூறினோம்? "அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைகள் படிப்பது தம்பி. நீ ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போடு, இல்லையேல் தட்டச்சுப் படித்துத் தேர்வாணையத் தேர்வு எழுது" என்றோம். அன்பினால் கூறியதுதான். ஆயினும் அறியாமையாற் கூறியது என்பதே உண்மை. அவன் கேட்ட படிப்பு தில்லியில் அப்பொழுதே ஐம்பது ஆண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. அதில் நம் மாணவர்க்கு இடஒதுக்கீடும் இருந்தது. இவற்றை நாம் தேடி அறியவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறையில் வந்த அவன் ஒப்பந்தத் தாளொன்றை எடுத்துக்கொண்டு நம்மைக் காண வந்தான். அரபு மொழியிலும் ஆங்கிலத்திலும் அது இருந்தது. முகவர் வாயால் சொன்ன சம்பளம் வேறு, தாளில் இருந்த சம்பளம் வேறு. ஆங்கிலப் பகுதியை நாம் படித்துக் காட்டினோம். அதற்குள் ஒப்பமிட்டு இரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டிருந்தன. உலகைப் படிக்க விரும்பியவன், படிக்காமலே உலகிற்குள் அனுப்பப்பட்டான். அன்று தொடங்கி இப்படிப்பின் வரலாற்றைத் தேடிப் படித்து வருகிறோம். அத்தேடலின் பயனையே இங்கு எழுதுகின்றோம்.

இரு வகைப் பயணங்கள்

செட்டிநாட்டு மாளிகைகளைக் காண இன்று உலகெங்கிலுமிருந்து சுற்றுலாப் பயணிகள் வருகின்றனர். பர்மாத் தேக்குத் தூண்களையும், இத்தாலியச் சலவைக் கற்களையும் கண்டு வியக்கின்றனர். அந்த மாளிகைகளை எழுப்பிய செல்வம் கடல் கடந்து ஈட்டப்பட்டது. நகரத்தார் இலங்கை, பர்மா, மலேயா, சைகோன் முதலிய இடங்களில் கொடுக்கல் வாங்கல் தொழில் நடத்தினர். 1930-களின் பிற்பகுதியில் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் பயிர்நிலத்தின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, கடனுக்கு ஈடாக அவர்கள் கைக்கு வந்திருந்தது என்பது வரலாறு.

அத்தொழிலுக்கு ஆட்களை அவர்கள் பழக்கிய முறை கருதத்தக்கது. சிறுவன் ஒருவன் பெட்டியடிப் பையனாகக் கடைக்குச் செல்வான். கணக்கெழுதக் கற்பான். பின்னர் அடுத்தாள் ஆவான். அதன்பின் மேலாளாகப் பொறுப்பேற்று, மூன்றாண்டுத் தவணைக்குக் கடல் கடந்து சென்று திரும்புவான். அந்நாட்டு மொழி, அந்நாட்டு நாணயம், நெல் விலை, நீதிமன்ற வழக்கம் ஆகிய அனைத்தையும் இளமையிலேயே அவன் அறிந்துகொள்வான். பட்டம் வழங்காத உலகவியல் கல்லூரி என்று அதனைக் கூறினால் மிகையாகாது. அக்கல்லூரியின் வாயில் நமக்குத் திறந்திருக்கவில்லை.

அதே கடலை நம் மக்களும் கடந்தனர். இராமநாதபுரம் சீமையின் வானம் பொய்த்தபோதெல்லாம் கங்காணியின் பின்னே சென்றனர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்வோர் நம் சீமையைச் சேர்ந்த மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, நோய்ச் சோதனைக்குப் பின் கப்பலேற்றப்பட்டனர். மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றோர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறினர். இத்தோட்டத் தொழிலாளருள் கணிசமானோர் நம் மக்களே.

வணிகனின் பயணத்திற்குப் பேரேடு சான்றாக உள்ளது. கூலியின் பயணத்திற்குச் சான்று யாது? தோட்டத் துரையின் பதிவேட்டில் ஓர் எண். முகாம் மருத்துவரின் புத்தகத்தில் ஒரு வரி. வீட்டில் பாட்டி சொல்லும் கதை. இவ்வளவே. 1942-இல் சப்பானியர் படையெடுப்பின்போது பர்மாவிலிருந்து நான்கைந்து இலட்சம் இந்தியர் வெளியேறினர். கப்பலிலும் வானூர்தியிலும் இடம் கிடைத்தோர் சிலரே. ஏனையோர் அரக்கான் வழியாகவும் அசாம் மலைகளின் வழியாகவும் நடந்தே வந்தனர். வழியில் மாண்டோர் பல்லாயிரவர். அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

1930: இலண்டனும் இராமநாதபுரமும்

நம் சமுதாயத்து இளைஞர் ஒவ்வொருவரும் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டிய ஆண்டு 1930. அவ்வாண்டு நவம்பர் 12-ஆம் நாள் இலண்டன் மாநகரில் முதலாவது வட்டமேசை மாநாடு தொடங்கியது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அதில் அமர்ந்தனர்.

அவ்விருவருமே உலகைக் கற்றவர்கள். செங்கற்பட்டுப் பகுதியின் கோழியாளத்தில் பிறந்த சீனிவாசனார், 1893-இல் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கி நடத்தியவர். பின்னர்க் கடல் கடந்து சென்று, தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி, 1921-இல் தாயகம் திரும்பினார். அண்ணல் அம்பேத்கரோ 1913-இல் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர். பின்னர் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் இந்திய நாணயச் சிக்கலை ஆராய்ந்து 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றவர். நம் மக்களின் துயரத்தை உலக அவையில், அவ்வவையின் மொழியிலேயே எடுத்துரைக்க இக்கல்வி அவர்களுக்குத் துணை நின்றது.

அம்மாநாடு நடந்துகொண்டிருந்த அதே 1930 டிசம்பரில், அந்நாளில் காரைக்குடியும் சிவகங்கையும் உள்ளிட்டிருந்த நம் இராமநாதபுரம் மாவட்டத்தில் நடந்தது என்ன? சாதி ஆதிக்கத்தினர் நம் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி அணிதல் கூடாது. ஆடவர் சட்டை அணிதல் கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்குதல் கூடாது. தலைமுடி வெட்டிக்கொள்ளுதல் கூடாது. மண் கலங்களன்றி வேறு கலங்கள் புழங்குதல் கூடாது. பெண்கள் மேலாடை அணிதல் கூடாது, பூச்சூடுதல் கூடாது. குடையும் செருப்பும் கூடாது என்பன அவை. அடுத்த ஆண்டு சூன் திங்களில் தடைகள் பதினொன்றாயின. நம் பிள்ளைகள் எழுத்தறிவு பெறுதல் கூடாது என்பதும் அவற்றுள் ஒன்று. மறுத்தவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. இவற்றையெல்லாம் 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

இத்தடைப் பட்டியலைச் சற்று ஊன்றி நோக்குங்கள். சட்டை, குடை, செருப்பு, உலோகக் கலம், சிறு பொன்னணி ஆகியவை யாவும் கடல் கடந்து கூலி ஈட்டியவன் ஊர் திரும்பும்போது கொண்டுவரக்கூடிய பொருள்கள் அல்லவா? உலகைக் கண்டு திரும்பியவன் பழைய பணிவுக்குத் திரும்பமாட்டான் என்ற அச்சம் அத்தடைகளில் ஒளிந்திருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. பயணம் தந்த பொருளைப் பறிக்க முடிந்தது. பயணத்தோடு படிப்பும் சேர்ந்துவிட்டால் பறிக்க இயலாது என்பதை உணர்ந்துதான் பள்ளியையும் தடுத்தார்கள் போலும்.

போர் ஈன்ற படிப்பு

இனி, படிப்பின் வரலாற்றுக்கு வருவோம். முதல் உலகப் போரில் ஏறத்தாழ ஒரு கோடிப் போர்வீரர் மடிந்தனர். இத்தகைய பேரழிவு ஏன் நேர்ந்தது, மீண்டும் நேராமல் காப்பது எவ்வாறு என்னும் வினாக்கள் எழுந்தன. அவ்வினாக்களை ஆராய்வதற்கென்றே 1919-இல் வேல்சு நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரக் கல்லூரியில் பன்னாட்டு அரசியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை நிறுவப்பட்டது. டேவிட் டேவிஸ் என்னும் செல்வரின் குடும்பத்தார் பொருள் வழங்கினர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனின் பெயர் அவ்விருக்கைக்குச் சூட்டப்பட்டது. உலகில் இத்துறைக்கென அமைந்த முதல் இருக்கை அதுவே.

ஆனால் அக்காலத்துப் பன்னாட்டியலில் நாடுகள் மட்டுமே பேசின. அரசர், அமைச்சர், தூதர், படைத்தலைவர் ஆகியோரே அதன் மாந்தர்கள். தோட்டத்தில் பால் வெட்டும் தமிழ்க் கூலிக்கு அதில் இடமில்லை. அடிமைப்பட்ட நாடுகளுக்கும் குரலில்லை. இக்குறை பின்னரே ஒருவாறு நீங்கியது.

தில்லியில் ஒரு தொடக்கம்

நம் நாட்டில் இத்துறைக்கு வித்திட்டது 1943-இல் தோன்றிய உலக விவகாரங்களுக்கான இந்தியக் கழகம் ஆகும். சர் தேஜ் பகதூர் சாப்ரூ, இருதயநாத் குன்ஸ்ரு முதலியோர் அதன் முன்னோடிகள். விடுதலைக்கு முன்பே, 1947 மார்ச்சுத் திங்களில், தில்லியின் பழைய கோட்டையில் ஆசிய உறவு மாநாட்டினை அக்கழகம் கூட்டியது. 1946 அக்டோபரில் இந்திய வெளியுறவுப் பணியும் உருவாக்கப்பட்டிருந்தது. புதிய நாடு உலகெங்கும் தூதரகங்கள் திறக்க வேண்டும். ஆனால் அண்டை நாடான பர்மாவைப் பற்றியோ, சீனத்தைப் பற்றியோ, ஆப்பிரிக்காவைப் பற்றியோ முறையாகக் கற்ற அறிஞர் நாட்டில் மிகச் சிலரே இருந்தனர். ஆங்கிலேயர் எழுதிய நூல்களைக் கொண்டே அண்டை வீட்டாரை அறிய வேண்டிய நிலைமை இருந்தது.

அக்குறையைப் போக்க, 1955 அக்டோபரில் தில்லி சாப்ரூ இல்லத்தில் இந்தியப் பன்னாட்டியல் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் பேராசிரியர் ஏ. அப்பாதுரை ஆவார். இவர் சென்னையில் ஆசிரியப் பணியாற்றியவர். தென்னிந்தியாவின் இடைக்காலப் பொருளாதார நிலையை ஆராய்ந்து எழுதியவர். அரசியல் அறிவியலை விளக்கும் இவருடைய ஆங்கிலப் பாடநூலைப் பல தலைமுறை பி.ஏ. மாணவர்கள் பயின்றுள்ளனர்.

புதிய படிப்பொன்றை எவ்வாறு தொடங்கி வளர்ப்பது என்பதற்கு அப்பள்ளியின் வரலாறு சிறந்த பாடமாகும். முதற்கண் அவர்கள் ஆய்வுப்பட்டமாகிய பி.எச்.டி.யை மட்டுமே வழங்கினர். மேலிருந்து கீழே கட்டுவது போல இது தோன்றலாம். ஆனால் ஆசிரியராகிய நமக்கு இதன் பொருள் விளங்குகிறது. கற்பிப்பார் இல்லாத பாடத்திற்கு மாணவர்களைச் சேர்த்து என்ன பயன்? முதலில் ஆசிரியர்களை உருவாக்கினர். அங்கு ஆய்வு செய்தோர் பலர் பின்னர் அங்கேயே ஆசிரியராயினர்.

இரண்டாவதாக, நூலகத்தை வளர்த்தனர். சாப்ரூ இல்ல நூலகத்தில் உலக நாடுகளின் நூல்களும், அரசு ஆவணங்களும், செய்தித்தாள் நறுக்குகளும் திரண்டன. மூன்றாவதாக, உலகை வட்டாரங்களாகப் பகுத்து, ஒவ்வொரு வட்டாரத்திற்கும் தனித்துறை கண்டனர். ஒரு நாட்டை ஆராய்பவர் அந்நாட்டின் மொழியைக் கற்கவும், அந்நாட்டிற்கே சென்று தங்கி ஆராயவும் ஊக்குவித்தனர். நான்காவதாக, 1959-இல் ஆய்விதழொன்றைத் தொடங்கினர். நம்மவர் ஆய்வை உலகினர் படிக்க அது வழி செய்தது.

தொடக்கத்தில் தில்லிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்த அப்பள்ளி, 1961-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. 1970-இல் புதிய ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அதன் பின்னரே எம்.ஃபில். படிப்பும், 1973-இல் முதுகலைப் படிப்பும் தொடங்கப்பட்டன. 1955-க்கும் 1973-க்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள்! ஆய்வுப்பட்டத்தில் தொடங்கி எம்.ஏ. வகுப்பை வந்தடைய அத்துணைக் காலம் காத்திருந்தனர். ஓராண்டில் கொடியேற்றி மறு ஆண்டில் கனி பறிக்க விரும்பும் நம்மனோர்க்கு இப்பொறுமை நல்லதோர் எடுத்துக்காட்டு.

உழவூரிலிருந்து உலக அரங்கிற்கு

அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக 1979, 1980-ஆம் ஆண்டுகளில் விளங்கியவர் கே. ஆர். நாராயணன். ஒடுக்கப்பட்ட சமுதாயத்தில், கேரளத்தின் உழவூர் என்னும் சிற்றூரில், ஓலைக் குடிசையில் 1920-இல் பிறந்தவர். நாள்தோறும் ஏறத்தாழப் பதினைந்து கிலோமீட்டர் நடந்து சென்று பள்ளியிற் பயின்றவர். டாட்டா உதவித்தொகை பெற்று இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்து, ஹெரால்டு லாஸ்கியிடம் அரசியல் கற்றார். 1948-இல் தாயகம் திரும்பியவர், மறு ஆண்டே வெளியுறவுப் பணியில் சேர்ந்தார்.

அவர் பணியாற்றிய இடங்களைக் கேளுங்கள்: இரங்கூன், டோக்கியோ, இலண்டன், கான்பெரா, ஹனோய். பின்னர்த் தாய்லாந்து, துருக்கி, சீனம், அமெரிக்கா ஆகிய நாடுகளில் தூதராக இருந்தார். 1997 முதல் 2002 வரை குடியரசுத் தலைவராகத் திகழ்ந்து, 2005-இல் மறைந்தார். அவர் இரங்கூனில் பணி தொடங்கிய காலத்திலும் நம் மக்கள் அங்குக் கப்பல் துறையிலும் அரிசி ஆலையிலும் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தனர். ஒரே நகரில், ஒரே இழிவைச் சுமந்த சமுதாயத்தைச் சேர்ந்த ஒருவர் நாட்டின் பிரதிநிதியாக அமர்ந்திருந்தார். மற்றையோர் கூலிகளாக நின்றனர். இவ்வேறுபாட்டைச் செய்தது கல்வியே.

இதனைத் தனி ஒருவரின் புகழாக மட்டும் நாம் கொள்ளலாகாது. 1964 அக்டோபரில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை நினைவுகூர்வோம். ஐந்தே கால் இலட்சம் பேர் இந்தியாவுக்கு. மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்யப்பட்டது. ஒன்பதே முக்கால் இலட்சம் மலையகத் தமிழரின் வாழ்வு, அவர்களுடைய கருத்தைக் கேளாமலே பங்கிடப்பட்டது. அவர்களிற் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள். நாடுகள் பேசும் மேசையில் நம்மை அறிந்தவர் இல்லாவிடின், நாம் எண்ணாகவே எண்ணப்படுவோம். இப்படிப்பு நமக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை.

உலகவியலின் தோற்றம்

1990-களில் உலகின் போக்கு மாறியது. 1991-இல் சோவியத்து ஒன்றியம் கலைந்தது. அதே ஆண்டில் நம் நாட்டின் பொருளாதாரக் கதவுகள் திறக்கப்பட்டன. பணமும் பண்டமும் செய்தியும் எல்லைகளைக் கடந்து விரைந்தன. அரசுகளை மட்டும் ஆராய்ந்தால் உலகை அறிந்துகொள்ள இயலாது என்பது தெளிவாயிற்று. திருப்பூரில் தைத்த சட்டை ஐரோப்பாவில் விற்கிறது. அதன் விலையை யார் தீர்மானிக்கிறார்? சிவகங்கை மாவட்டத்து இளைஞன் சிங்கப்பூரில் கட்டடம் கட்டுகிறான். அவனுக்கு விபத்து நேரின் எந்நாட்டுச் சட்டம் காக்கும்? இத்தகைய வினாக்களுக்கு அரசியல், பொருளியல், சமூகவியல், வரலாறு ஆகியவை சேர்ந்து விடை காண வேண்டியதாயிற்று. இவ்வாறு தோன்றியதே உலகவியல்.

இதில் நம் கருத்தைக் கவரும் நிகழ்வொன்று உண்டு. 2002-இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் பல்கலைக்கழகம் உலகவியலில் இரண்டாண்டு முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. அதனைத் தனித்து நடத்தவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பல்கலைக்கழகத்தையும், தில்லியின் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தையும் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டது. பல நாட்டு மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, மூன்று கண்டங்களிலும் மாறி மாறித் தங்கிப் பயின்றனர். உலகை ஐரோப்பாவில் நின்று மட்டும் பார்த்தால் ஒரு பக்கமே தெரியும். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் நின்று பார்த்தால்தான் முழுமை விளங்கும் என்பது அதன் அடிப்படை. பின்னர் அர்ஜென்டினாவின் புவனோசு ஐரிசு, தாய்லாந்தின் பாங்காக்கு முதலிய நகரங்களின் கல்வி நிறுவனங்களும் இணைந்தன.

டர்பன் என்ற பெயர் நமக்குப் புதியதன்று. 1860 நவம்பர் 16-ஆம் நாள் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் கரும்புத் தோட்டத்திற்கான ஒப்பந்தக் கூலிகளை இறக்கிய துறைமுகம் அதுவே. நூற்று நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அதே நகரில் உலகவியல் பட்டம் கற்பிக்கப்பட்டது. நம் முன்னோர் உடம்பால் கற்ற பாடம் அங்கு வகுப்பறைப் பாடமாயிற்று என்று கூறலாம். அவ்வகுப்பறையில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் அமர்ந்தனர் என்று வினவினால், நாம் தலைகுனிய வேண்டியதே.

காரைக்குடியில் இயலுமா?

காரைக்குடி கல்விக்குப் பெயர் பெற்ற ஊர். வள்ளல் அழகப்பச் செட்டியார் 1947-இல் இங்குக் கல்லூரி தொடங்கினார். முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து இலட்சம் ரூபாயும் வழங்கி, மின்வேதியியல் ஆய்வகத்தை இங்கு வரச் செய்தார். அது 1953-இல் திறக்கப்பெற்றது. 1985-இல் அழகப்பா பல்கலைக்கழகம் மலர்ந்தது. முட்புதர் மண்டிய பொட்டல் கல்விநகரான கதையை நம் மூத்தோர் கண்ணாரக் கண்டுள்ளனர். கடல் கடந்த செல்வத்தின் ஒரு பகுதி கல்வியாகத் திரும்பியமையால் நம் பிள்ளைகளும் பயன் பெற்றனர் என்பதை நன்றியோடு கூறுவோம்.

கூலியும் வணிகனும் ஒருங்கே உலகெங்கும் சென்ற இம்மண்ணைவிட உலகவியல் கற்பிக்க ஏற்ற இடம் யாது? தில்லிப் பள்ளியின் வரலாறு காட்டும் வழியிலேயே இங்கும் செல்லலாம். முதலில் ஆசிரியர்கள், பின்னர் நூலகம், பின்னர் மொழிகள், பின்னரே பட்டம். தென்கிழக்காசியாவை ஆராய ஒருவர் பர்மிய மொழியும் மலாயும் கற்க வேண்டும். அரபு கற்றவர் இருப்பின் நம் குடியிருப்புக்கு வரும் ஒப்பந்தத் தாளையேனும் படித்துச் சொல்வார். பேரேடுகளைப் போற்றும் அருங்காட்சியகத்தில் மண்டபம் முகாம் வழியே சென்றவர்களின் வாய்மொழி வரலாறும் இடம்பெற வேண்டும். ஒரு பாதியை மட்டும் கற்பித்தால் அது செட்டிநாட்டு வரலாறும் ஆகாது; உலகவியலும் ஆகாது.

பல்கலைக்கழகம் தொடங்குவது நம் கையில் இல்லை என்பீர்கள். உண்மையே. ஆனால் ஆசிரியர்களும் ஆவணங்களும் முன்னே, பட்டம் பின்னே என்று கண்டோம் அல்லவா? அந்த முற்பகுதி நம் கையில் உள்ளது.

இளைஞர்களுக்கு

அன்புமிக்க இளைஞர்களே! மத்தியப் பல்கலைக்கழகங்களில் பட்டியல் சாதியினர்க்குப் பதினைந்து விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. 2022 முதல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் முதுகலைச் சேர்க்கை பொது நுழைவுத் தேர்வின் வழி நடைபெற்று வருகிறது. பொருளியல், வரலாறு, அரசியல் அறிவியல், ஆங்கிலம் என எப்பாடத்தில் இளங்கலை முடித்தவரும் ஆண்டுதோறும் வெளிவரும் அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிக்கலாம். அயல்நாட்டில் உயர்கல்வி பயிலப் பட்டியல் சாதி மாணவர்க்கு மத்திய அரசு வழங்கும் உதவித்தொகை 1954-55 முதலே நடைமுறையில் உள்ளது.

ஒன்றையும் மறைக்காமல் கூறுவோம். 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளில், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் ஆகியவற்றைப் பற்றிய ஆய்வுக்கு அவ்வுதவித்தொகை கிடையாது என்று சேர்க்கப்பட்டது. நம் முன்னோரின் வரலாற்றை அயல்நாட்டில் ஆராய விழையும் நம் மாணவனை அவ்விதி தடுத்தது. 1931-இல் பள்ளி வாயிலிலேயே தடுத்தனர். இன்று படிக்கலாம், ஆனால் உன்னைப் பற்றிப் படிக்காதே என்பது போல் இது உள்ளது. இதனைப் பற்றி முறையோடு கேள்வி எழுப்ப வேண்டும். அவ்வாறு எழுப்புவதற்கும் விதிகளைப் படித்தறிந்தவர்கள் நமக்குத் தேவை.

சங்கத்திற்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். முதலாவது, நம் படிப்பகத்தில் ஓர் உலகப் படமும், ஆங்கில நாளேடு ஒன்றும், நுழைவுத் தேர்வு நூல்களும் வாங்கி வைத்தல். இரண்டாவது, பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வாழ்ந்து திரும்பிய முதியோரின் நினைவுகளை இளைஞர்களைக் கொண்டு எழுதி வைத்தல். அம்முதியோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றனர். காலம் தாழ்த்துதல் கூடாது. மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு மாணவரையேனும் இத்துறைக்கென ஆயத்தம் செய்து அனுப்புதல்.

நம் பழைய மாணவர் இவ்வாண்டு ஊருக்கு வந்திருந்தார். அவருடைய மகள் இப்பொழுது பத்தாம் வகுப்பில் பயில்கிறாள். "உலக நாடுகளைப் பற்றிப் படிக்க ஏதும் உண்டா என்று இவளும் கேட்கிறாள் ஐயா" என்றார். இம்முறை நாம் வேலைக்கு வழி பார் என்று கூறவில்லை. அச்சிறுமியை அமர வைத்து, இக்கட்டுரையில் எழுதியவற்றையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துரைத்தோம். அவள் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். இருபது ஆண்டுகளுக்கு முன்பு அவள் தந்தைக்குக் கூறியிருக்க வேண்டிய விடை அது.

வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!